இளவேனில் வெச்ச பிளாக்ஸு

18 பிப்ரவரி 2024

பார்சல் வந்துச்சு. ஊட்டிப் பக்கம் ஒரு நர்சரியில இருந்து எங்க மருமவ இளவேனில் வரவெச்சது. கருப்புத் தட்டு, குழி குழியா. ஒவ்வொரு குழியிலயும் வெரலு நீளத்துக்கு ஒரு நாத்து. பேரு பிளாக்ஸாம். வெதை போட்டா ரொம்ப நாளாவும் அத்தை, இது வேரு புடிச்சே வருது, நட்டா இந்த வருசமே பூக்கும்னா. வேரோட வந்தது எங்கயும் பொழைச்சுக்கும். நானும் அப்பிடித்தான வால்பாறைக்கு வந்தேன், கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு, லாரியில, ஒரு ஆட்டுக்குட்டியோட. அந்த ஆட்டுக்கதை பெருசு. இன்னொரு நா எழுதோணும்.

இப்பிடி எழுதறதே அவ சொல்லிக் குடுத்ததுதான். பள்ளிக்கொடம் பாக்காதவ நானு. பால்வாடிக் கொழந்தைகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்து, பொழுதோட வெளக்கு வெச்சதும் எனக்கும் அ, ஆ. பேசற மாதிரியே எழுதுங்க அத்தை, தப்பு வந்தா வருதுன்னு இந்த டைரியக் குடுத்தா.

எம் பையன் கதிரேசனுக்குப் பீளமேட்டுல கம்பெனி வேலை. கட்டி ஒரு வருசமாச்சு. அங்க ஊடு பாத்துட்டு இவளைக் கூட்டிக்கறேங்கறான். பாத்துக்கிட்டே இருக்கறான்.

"அவரு கூட்டிட்டுப் போறதுக்குள்ள பூத்துருமா அத்தை?"ன்னு கேக்கறா.

3 மார்ச்

நட்டாச்சு. எஸ்டேட் லைன் ஊட்டு முன்னால, குழாய்க்குப் பக்கத்துல. தட்டுல எந்த மட்டம் மண்ணு இருந்துச்சோ அதே மட்டம்தான், ஆழம் போவக்கூடாதாம். செடிக்குச் செடி ஒரு மொழம் எடம். எனக்கு மனசு ஒப்பலை. இத்தனை எடம் சும்மா கெடக்குதேன்னு நடுவால கொத்தமல்லி தூவப் போனேன். காத்து பூந்து வரோணும், இல்லீன்னா மழையில இலை வெள்ளை புடிச்சுக்கும்னு எங் கையப் புடிச்சுக்கிட்டா. பக்கத்தூட்டு சாயிரா பானுவுக்கு ஒரே சிரிப்பு.

"மாமியா கையப் புடிக்கற மருமவள இந்த லைன்ல இப்பத்தாங்க்கா பாக்கறேன்."

7 ஏப்ரல்

நுனியக் கிள்ளிவிட்டோம். கிள்ளுனா பக்கத்துல ரெண்டு வெடிக்குமாம். காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளுன கைக்கு இதைச் சொல்லியா குடுக்கோணும்?

கதிரேசன் இந்த மாசமும் வரலை.

29 ஜூன்

மழை. காலெல்லாம் அட்டைக்கடி. செடி நிக்குது.

11 ஆகஸ்ட்

பூத்துருச்சு. ரோஸ் கலரு, கொத்தா. பொழுதோட ஒரு வாசம் — மல்லியும் இல்லை, சம்பங்கியும் இல்லை, எனக்குச் சொல்லத் தெரியலை. இளவேனில் போட்டோ புடிச்சு அவனுக்கு அனுப்புனா. பாத்துட்டான்னு நீல டிக் வந்துச்சு. அம்புட்டுத்தான். சோறு வேண்டாம், வயிறு சரியில்லைன்னுட்டா. நானும் மேல கேக்கலை. கேட்டிருக்கோணுமோ?

25 ஆகஸ்ட்

வந்தான். செருப்பைக்கூடக் கழட்டலை.

"நீ பாத்து வெச்சேன்னுதாம்மா கட்டிக்கிட்டேன். என்னால முடியலை."

வேற யாராச்சும் இருக்குதான்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். நான் பெத்ததுதான, மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா. அடிக்க ஓங்கிப்போட்டேன். ஓங்குன கைய அவதான் புடிச்சா. அன்னிக்குக் கொத்தமல்லிக்குப் புடிச்ச மாதிரியே.

15 செப்டம்பர்

நாலு பேரு பேசி, கல்யாணத்தைத் தீத்துக்கறதுன்னு ஆயிப்போச்சு. அவ தாய்மாமன் பாலுசாமி வேன் எடுத்துட்டு வந்தாரு. சீர்ப் பாத்திரம் அத்தனையும் திரும்ப ஏத்தறாங்க. போசி, அண்டா, குத்துவெளக்கு.

வெறும் பாத்திரத்தை நாங்க யாரூட்டுக்கும் திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒரு கை உப்பாச்சும் போட்டுத்தான் குடுக்கறது. எங்கம்மா ஒருக்கா, குடுக்க ஒண்ணுமில்லைன்னு, எரவல் வாங்குன சட்டியில கறிவேப்பிலைய உருவிப்போட்டுத் திருப்பித் தாட்டிவிட்டுது. அந்தப் பழக்கத்துல நானும் ஒவ்வொரு போசியிலயும் ஒரு கை அரிசி போட்டேன். பாலுசாமி ஒவ்வொண்ணாக் கவுத்துப்போட்டாரு.

"இனி என்னம்மா நமக்குள்ள கொடுக்கல் வாங்கல்?"

வாசலெல்லாம் அரிசி. எனக்குக் கோவம் வரலை. எம் பொண்ணா இருந்தா நானும் கவுத்திருப்பேன்.

வேன்ல ஏறறப்ப அவ செடியத்தான் பாத்தா, என்னைப் பாக்கலை. பாத்திருந்தா ரெண்டு பேருமே தாங்கியிருக்க மாட்டோம். "காஞ்ச பூவை வெட்டி விட்டுருங்க அத்தை"ன்னா. அவ்வளவுதான்.

16 செப்டம்பர்

கோழிக அரிசியப் பொறுக்கிட்டிருக்குதுக.

12 ஜனவரி 2025

பனி. செடியெல்லாம் குச்சியாக் காஞ்சு நிக்குது. அவளோட இதுவும் போச்சுன்னு, பொங்கலுக்கு வாசலைச் சுத்தம் பண்ண மம்முட்டிய எடுத்து ஒண்ணைப் பேத்துப்போட்டேன். மண்ணு உதுந்ததுக்கப்பறம் பாக்கறேன், வேருத் தலையில சின்னச் சின்னதாச் செவப்பு மொளை. சாவலை. தூங்கிட்டிருந்திருக்குது. ஐயோன்னு மறுக்கா அதே குழியில வெச்சு, சருகு போட்டு மூடுனேன்.

9 மார்ச்

பேத்த செடிதான் மொதல்ல துளுத்துச்சு. அதையே ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிய வேரோட ஈரச்சாக்குல சுத்தி, பிஸ்கட் டப்பாவுல வெச்சேன். பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் மருதாசலம் இளவேனில் ஊர்க்காரரு. அதான் முறிஞ்சு போச்சேக்கா, இன்னும் எதுக்குன்னாரு. அது அவ செடிங்கன்னேன். வாங்கிக்கிட்டாரு.

கதிரேசன் போன் பண்ணி, ஏம்மா மானத்தை வாங்கறேன்னான். போனை வெச்சுப்போட்டேன்.

20 ஏப்ரல்

தகவல் இல்லை. கீழ்நாட்டு வெயில்ல பொழைக்குமா? நெழல்ல வெச்சிருப்பா. அவளுக்குத் தெரியும்.

4 ஜூன்

மருதாசலத்தைப் பாக்கறப்பல்லாம் அவரு கையத்தான் பாக்கறேன்.

அந்த ஆட்டுக்கதைய எழுதவே இல்லை. பெருசுன்னு நெனைச்சேன், எழுத உக்காந்தா இத்துனூண்டுதான். இங்க வந்த புதுசுல பொழுதோட கீழ போற ரோட்டைப் பாத்துக் கத்திக்கிட்டே இருக்கும். ஒரு நா நிறுத்திப்போச்சு. நான் எப்ப நிறுத்துனேன்னுதான் ஞாபகமில்லை.

31 ஆகஸ்ட்

டப்பா திரும்பி வந்துருச்சு.

கனமா இருந்துச்சு. தொறந்தா அஸ்கா சக்கரை, வெளிம்பு வரைக்கும். அவ என்ன சொன்னான்னு மருதாசலத்தைக் கேட்டேன். அந்தம்மணி ஒண்ணும் சொல்லலைங்க்கான்னாரு. பஸ்ஸேறப் போனவரு திரும்பி வந்து, மெதுவாச் சொன்னாரு.

"அவங்கூட்டு வாசல்ல பந்தக்கால் நட்டிருக்குதுங்க. செடி நடுவால நிக்குதுன்னு, அம்மணிதான் பந்தக்காலை ரெண்டடி தள்ளி நடச் சொல்லிருச்சாம்."

டாக்டரு எனக்குச் சக்கரைய நிறுத்தி வருசமாச்சு. ஊட்டுக்குள்ள போயி ஒரு சிட்டிகை வாயில போட்டுக்கிட்டேன். சாயிராவுக்கு ஒரு டம்ளர் நெறையக் குடுத்தேன். என்னக்கா விசேசம்னு கேட்டுது.

"எங்க மருமவளுக்குக் கல்யாணம்"னேன்.

நான் கத்திரிக்கோலை எடுத்துட்டுப் போயி, காஞ்ச பூவையெல்லாம் வெட்டிவிட்டேன்.