ஆனைக்குட்டம், மழைக்குப் பின்

ஆனைக்குட்டம்
3.2.2025

அண்ணன் சங்கிலிமுத்துக்கு,

நீ போன் போட்டால் நான் எடுக்கப் போவதில்லை. அதனால்தான் கடிதம்.

அய்யாதுரை முதலாளி கம்பெனி போட்ட காலண்டரை முத்துமாரியம்மாள் அக்கா கொண்டுவந்து காட்டினாள். 'ஆனைக்குட்டம், மழைக்குப் பின்' என்று கீழே உன் பெயரோடு அச்சடித்திருக்கிறது. அணைத் தண்ணீர், கரிசல் காடு, ஒரு வேப்பமரம், நாலு கொக்கு. "எம்புட்டு அழகா வரைஞ்சிருக்காக ஒங்க அண்ணன்" என்கிறாள். அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில்தான் போன மே மாதம் என் வீட்டுக்காரர் வெடியில் கருகிச் செத்தார். அங்கே இருந்த முதலாளியின் பட்டாசு ஷெட்டை நீ புல்லாக்கிவிட்டாய்.

இப்போது விசாரணை நடக்கிறது. மரத்தடியில் வெடிமருந்து காயப்போடவே இல்லை, என் வீட்டுக்காரர் சிவபாண்டி பீடி பற்றவைத்ததால்தான் விபத்து என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பீடியைத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து கண்ணில் பட்டதை எல்லாம் முதலில் நோட்டில் வரைவாயே, அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடு.

செல்வலட்சுமி

விருதுநகர்
12.2.2025

தங்கச்சி செல்வலட்சுமிக்கு,

நீயும் பிள்ளை இசைவாணியும் நலமா? கேட்டால் அதற்கும் கோபப்படுவாய்.

நான் இயற்கைக் காட்சி வரைகிறவன். தகர ஷெட்டை வரைந்தால் யார் வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள்? பதினோரு வருஷமாக என் படங்களை அச்சடிக்கிற மனுஷன் முதலாளி. அவர் இல்லையென்றால் இன்றைக்கும் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருப்பேன். நோட்டில் கிறுக்கியதெல்லாம் சாட்சி ஆகாது.

மாப்பிள்ளை இறந்தபோது துட்டி கேட்க முதலாளி காரில் வந்து இறங்கினேன் என்பதற்காக ஊரார் முன்னால் என்னைத் திருப்பி அனுப்பினாய். அதை நான் மறக்கவில்லை.

சங்கிலிமுத்து

ஆனைக்குட்டம்
20.2.2025

சங்கிலிமுத்துக்கு,

'அண்ணன்' என்று எழுதக் கை வரவில்லை. நீ வரையும்போது வெயிலில் உனக்குக் குடை பிடித்து நின்றவர் என் வீட்டுக்காரர். "மச்சான் கலரு காயுற வரைக்கும் நிக்கேன், நீ சோத்த எடுத்து வையி" என்பார் என்னிடம். அவரைப் பீடிக்காரர் ஆக்கிவிட்டு உன் முதலாளி அடுத்த காலண்டருக்கு ஆர்டர் எடுக்கிறார்.

மார்ச் பத்தாம் தேதி சாத்தூரில் விசாரணை. வந்தால் வா.

செல்வலட்சுமி

விருதுநகர்
14.3.2025

தங்கச்சிக்கு,

போனேன். நீ உள்ளே வரும்முன் நோட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அதிகாரி பக்கத்தைத் திருப்பி, "மரத்தடியில என்னய்யா இது, கட்டம் கட்டமா?" என்றார்.

"பாய்ங்க சார். மேல மருந்து காயப்போட்டிருக்கு."

"நீயே பாத்தியா?"

"பாத்துத்தான் வரைஞ்சேன்."

கையெழுத்துப் போட்டேன். மறுநாளே கம்பெனியிலிருந்து என் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகட்டும். மாப்பிள்ளையின் வருஷத் திதிக்கு வரலாமா? ஒரு வார்த்தை எழுது.

உன் அண்ணன்
சங்கிலிமுத்து

ஆனைக்குட்டம்
2.4.2025

சங்கிலிமுத்துக்கு,

நோட்டு கேஸுக்கு உதவும் என்கிறார் வக்கீல். பீடிக் கதை இனி எடுபடாதாம். அவர் பெயருக்கு வந்த பழி போய்விடும். அதற்கு நன்றி.

ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீ எழுதியிருந்ததை வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினார். 'மரத்தடியில் மருந்து. வெயில் அதிகம், ஆபத்து. படத்தில் வேண்டாம்.' தேதி 16.3.2024.

அன்றைக்கு இசைவாணிக்குப் பிறந்தநாள். சாயங்காலம் காட்டிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய். அவரும் நீயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நான்தான் பரிமாறினேன். தண்ணீர் இல்லாமல் அணை எப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று வெகுநேரம் பேசினாய். ஆபத்து என்று நோட்டுக்குச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

திதிக்கு வராதே.

செல்வலட்சுமி