உம்மா வீட்டு வாசலில் ஒரு கல்

2024 ஜூலை 8, திங்கள்

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. பின்னாலேயே மருதையன் சார் வந்தார். கஜாப் புயலில் கூரை போன பிறகு நாங்கள் விற்ற வீட்டில் இப்போது பல்கலைக்கழகத்தின் அலையாத்திக் காட்டு ஆய்வு மையம் இருக்கிறது. அவர்தான் அதற்குத் தலைவர். வீட்டின் வரலாற்றை வாசலில் கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்களாம். எழுதி வந்ததை வாசித்துக் காட்டினார். ‘வணிகர் சேக் தாவூது கட்டிய இல்லம்.’

எனக்கு வந்ததே கோபம்! வாப்பா எங்கே கட்டினார்? உம்மாவின் கல்யாணத்துக்காக உம்மா வீட்டார் கட்டிக்கொடுத்தது அது. முத்துப்பேட்டையில் எங்கள் ஆட்களுக்கு வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் குடிவருவார்.

“பத்திரத்துல உங்க அப்பா பேருதானே இருக்கு, சாஜிதாம்மா. ஒரு ஆதாரம் குடுங்க, மாத்திடறேன்” என்றார்.

மாற்றாமல் விடுவதில்லை. ரஹ்மத் பீவி என்று உம்மாவின் பெயர்தான் அந்தக் கல்லில் வர வேண்டும். வரும் என்று உம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 9

பத்திரம் ஏன் வாப்பா பேரில் என்று உம்மாவிடம் கேட்டேன்.

“பொம்பளை போயி ரிஜிஸ்தர் ஆபீஸ் படி ஏறுறதான்னு அவுஹ பேருல எழுதினாங்க. யாரு பேருல இருந்தா என்னடி, வீடு என்னுதுதானே?”

சிரிக்கிறார். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஜூலை 11

ஆதாரம் தேடிப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதில் உம்மாவின் கல்யாணப் பத்திரிகை அகப்பட்டது. வாப்பா பெயர், மாமாமார் பெயர், சாச்சாமார் பெயர் - ஊரிலுள்ள ஆண்பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். மணப்பெண்? ‘தீன்குலச் செல்வி.’ அவ்வளவுதான், பெயர் கிடையாது.

என் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லையே?

ஜூலை 12

சார்ஜாவிலிருந்து தம்பி ஜாஃபர் சாதிக் பேசினான். “வாப்பா பேரு இருந்தா என்ன கொறைஞ்சு போச்சு, லாத்தா?”

போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

கல் வைத்தாயிற்று. வாப்பா பெயர்தான். விழாவுக்கு நான் போகவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார்கள், பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அஸர் தொழுததும் உம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். “ஆட்டோ கூப்புடு. என் பேரைப் பாத்துட்டு வருவோம்.”

ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே போனேன்.

உம்மாவுக்குக் குர்ஆன் ஓத வரும். தமிழ் வாசிக்கத் தெரியாது.

கல்லுக்கு முன்னால் நின்று, “இதுல எதுடி நானு?” என்றார்.

வாப்பாவின் பெயர்மேல் விரலை வைத்தேன். “இதுதான் உம்மா. ரஹ்மத் பீவி.”

ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். “இவ்வளவு பெருசாவா போட்டிருக்காங்க?”

“ஆமா உம்மா” என்றேன்.