வலி கண்டதும் சொல்லிவிடு

உடப்புசல்லாவை, இலங்கை
1959 மாசி

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே பனி கொட்டுகிறது, அப்பாவின் இருமலைத் தவிர மற்றபடி எல்லாரும் சுகம். திருச்சி வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. வளைகாப்புக்கு வர நினைத்தேன், பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் இல்லாமல் நான் இங்கே என்ன செய்யப் போகிறேன் என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அங்குள்ள ஆஸ்பத்திரியில் வலி குறைய நரம்பில் ஊசி போடுவார்கள், மார்பின் என்று ஒரு மருந்து, பெத்தடீன் என்று ஒரு மருந்து, எதைக் கேட்கட்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கென்ன தெரியும், என் பிரசவங்களில் நான் கண்டது கசாயமும் மீனம்மா மருத்துவச்சி கையும்தான். அதனால் நம் தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஐயாவிடமே போய்க் கேட்டேன். புடவைக் கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்கிறாயே என்று சிரித்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். மார்பின் என்பது பழைய மருந்து, ஆளை நன்றாகத் தூங்க வைக்கும், பிள்ளையின் மூச்சையும் கூடுதலாக அமுக்கும். அதனால் இப்போது பெத்தடீன்தான் அதிகம் போடுகிறார்களாம். அதிலும் வலி முழுக்கப் போகாது, மழுங்கும், தலை சுற்றும், வாந்தி வரும். நரம்பில் போட்டால் சட்டென்று பிடிக்கும், சதையில் போட்டால் மெதுவாகப் பிடித்து நீண்ட நேரம் நிற்குமாம். எதுவானாலும் பிள்ளைக்கும் போய்ச் சேரும், பிறக்கிற நேரம் நெருங்கிப் போட்டால் பிள்ளை மயக்கத்தோடு வரும், அதனால் எந்த ஊசி என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதுதான் பெரிசு, அதை உன் மகளின் டாக்டரே பார்த்துக்கொள்வார் என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு உன் அண்ணி நினைவுதான் வந்தது. பயப்படுவாய் என்று போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். நம் லயத்து வரிசை வீடுகளில் வலி கண்டதை வெளியில் சொன்னால் வலி நீளும் என்பார்களே, அம்மாக்கண்ணு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காலையிலேயே வலி கண்டும் மூச்சுவிடாமல் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து நிறுவைக்கும் வந்து நின்றிருக்கிறாள். முகத்தைப் பார்த்து உன் அண்ணன் செல்லசாமிதான் அவளையும் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கேயும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், தாங்க முடியாமல் போன பிறகு வாயைத் திறந்து, இப்பத்தாங்க வலி ஆரம்பிச்சுச்சு என்று சொல்லியிருக்கிறாள். தலைப்பிரசவம்தானே, நேரமிருக்கிறது என்று நம்பி அவர்களும் ஊசியைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வந்துவிட்டது, அழவில்லை. துவண்டு போய், நீலம் பாரித்து, மூச்சே இல்லாமல் கிடந்தது. டாக்டரும் நர்சும் காற்று கொடுத்து, முதுகைத் தேய்த்துப் போராடினார்கள். நான் கதவோரம் நின்று சாமியெல்லாம் கூப்பிட்டேன், ஒரு சாமி பெயரும் முழுதாக வாயில் வரவில்லை. அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் அதே லயத்தில் வளர்ந்தவள்தான். கால் எரிந்தாலும் ஒன்றுமில்லை என்று சொல்லுகிற பெண், அதுதான் என் பயம். ஊசி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள், வேண்டாமென்றால் வேண்டாம், அதில் உன் மாமியாருக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. மாமியார் ஏதாவது தடை சொன்னால் சண்டைக்குப் போகாதே, மாப்பிள்ளையைச் சொல்லச் சொல். ராசிக் நானா கடையில் பெருங்காயமும் சுக்கும் வாங்கி அனுப்பியிருக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகுதான் தொட வேண்டும்.

மகராசியாய் நல்லபடி பெற்றுப் பிழைக்க என் ஆசி. மறந்துவிடாதே, வலி எப்போது கண்டது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல். இங்கே உன் அண்ணன் மகள் இப்போது லயமே தூங்காதபடி கத்துகிறாள், யாரும் அவளை அதட்டுவதில்லை. உன் பிள்ளையும் அப்படிக் கத்திக்கொண்டு வரட்டும்.

உன் அம்மா
பூரணி