கொட்டாங்கச்சியில் வேப்பிலை

அக்கா,

இன்று காலையில் சின்னவனுக்குப் பால் மறக்கடிக்கலாம் என்று வேப்பிலை அரைத்தேன். அம்மியைக் கழுவியாயிற்று, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, விரல் நுனியில் இருக்கிற கசப்பு வாசனை மட்டும் போக மாட்டேன் என்கிறது. வேப்பிலை என்றால் ஊரில் எல்லோருக்கும் மாரியம்மன் ஞாபகம் வரும். எனக்கு நீதான் வருகிறாய், அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நீ. அம்மன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அரைத்ததில் மீதியை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவள் என்று என்னை எத்தனை கேலி செய்திருப்பாய்! "படிச்சவ சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று நீ உதட்டைச் சுழித்தால், நான் சொன்னது சுத்தத் தப்பு என்று அர்த்தம். அந்தப் படிப்பு உனக்கு ஒரு கடிதம் எழுதவாவது உதவட்டும்.

இதே வீடுதான் அக்கா. மர்பி டவுன் வரிசை வீடு, இரண்டு அறை, ஓர் அடுப்படி, வாசலில் பத்துக் குடும்பத்துக்குப் பொதுக் குழாய். இந்த வீட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ சுரங்க ஊரான தங்கவயலிலிருந்து வந்தாய். தம்பியைக் கட்டிக்கொண்டு நான் ஜோகுபாளையத்திலிருந்து வந்தேன். என்னைவிட உனக்கு இரண்டு மூன்று வயதுதான் கூட. ஆனாலும் மூத்த மருமகள் என்ற மிதப்பு உனக்கு இருந்தது, பெங்களூர்க்காரி என்ற மிதப்பு எனக்கு. முதல் வருஷம் முழுக்க, குழாயடியில் யார் குடம் முன்னால் என்பதிலேயே நமக்குப் போயிற்று. நீ மெதுவாகப் பேசினாலே மூன்றாவது வீட்டுக்காரி என்ன சண்டை என்று எட்டிப் பார்ப்பாள். உன்னிடம் தோற்றுப் போகக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே வைராக்கியம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள். என் அம்மா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவும் அண்ணனும் மட்டும் இருக்கிற வீட்டில் யார் எனக்குப் பத்தியம் சமைப்பார்கள்? அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கேயே வந்தேன். பின்னறை மூலையில் உன் பழைய சிவப்புப் புடவையைக் குறுக்கே கட்டி எனக்கு ஒரு மறைப்புச் செய்து கொடுத்தாய். அத்தை சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டுச் செய்து போட்டார்கள். பூண்டு, கருவாடு என்று ஒன்றும் குறையில்லை. பாலுக்கும் குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. குழந்தை வாய் வைத்த சில நாளிலேயே இரண்டு காம்பும் வெடித்துவிட்டன. கண்ணாடிச் சில்லை வைத்துக் கீறினாற்போல் வெடிப்பு. அவள் இழுக்கும்போது என் கால் கட்டைவிரல் வரை சுருட்டிக்கொள்ளும். ரவிக்கை ஒட்டிக்கொண்டு, அதைப் பிரிக்கும்போது உயிர் போகும். ஒருமுறை குழந்தையின் கடைவாயில் ரத்தம் பார்த்துப் பயந்துபோனேன், அது என் ரத்தம் என்று புரிய நேரமாயிற்று. பெற்ற மகள் பசித்துச் சிணுங்கினால் தாய்க்கு நெஞ்சு பொங்கும் என்பார்கள். எனக்குத் திகில்தான் பொங்கியது.

யாரிடம் சொல்வது? அத்தையோ, "நான் ஆறு பெத்தேன், ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் உடனே பஜாருக்கு ஓடிப் பால்மாவு டப்பாவும் புட்டியும் வாங்கி வந்துவிடுவார். அந்தப் பயம் பெரிது. பின் வரிசையில் புட்டிப்பால் குடித்த குழந்தை வயிற்றுப்போக்கில் போய் அப்போது அதிக நாள் ஆகவில்லை. அந்தத் தாய் குழாயடிக்கு வரும் கோலத்தை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். என் பிள்ளைக்கு என் பாலை விட்டால் கதியில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் போய், எனக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்பதா? குழாயடிச் சண்டையில் தோற்ற மாதிரி ஆகிவிடாதா? புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கொடுத்தேன்.

அன்று காலையில் அடுப்படிக்கு வந்தபோதுதான் அம்மி மேல் அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்தேன். நிறைய வேப்பிலை விழுது, பச்சைப் பசேல் என்று. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது அம்மா வேப்பிலைப் படுக்கையில் படுக்க வைத்து, விழுதைக் கொப்புளத்தில் பூசி ஆற்றினாள். அம்மாவைப் பற்றி எனக்கு இருக்கிற ஞாபகமே அவ்வளவுதான். அவள் இருந்திருந்தால் இந்தப் புண்ணுக்கும் இதைத்தான் பூசியிருப்பாள் என்று தோன்றியது. அவளே எடுத்து வைத்துவிட்டுப் போன மாதிரிகூட இருந்தது. ஒரு விரலில் வழித்துக்கொண்டு மறைப்புக்குள் போய், இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். குளுகுளுவென்று இருந்தது. கண்ணை மூடி அம்மாவைக் கும்பிட்டேன் அக்கா, பொய் சொல்லவில்லை.

அந்த விழுது எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறந்த வீட்டில் நான் கடைக்குட்டி. பால் மறக்கடிப்பதை நான் எங்கே பார்த்தேன்? புழக்கடையில் உன் இரண்டாவது பையன் தரையில் புரண்டு அழுததுகூடக் காதில் விழுந்தது. அவன் அழாத நாள் உண்டா என்று இருந்துவிட்டேன்.

பிறகு என் மகளை எடுத்து மடியில் போட்டேன். வாயைக் கொண்டு வந்தாள், முகத்தைச் சுருக்கினாள், தலையைத் திருப்பிக்கொண்டு வீரிட்டாள். மறுபக்கம் மாற்றினேன், அதே கதை. துடைத்துப் பார்த்தேன், விழுது புண்ணில் காய்ந்து பிடித்திருந்தது, அழுத்தித் துடைக்கக் கை வரவில்லை. பொழுது உச்சிக்கு வந்தது. அவள் அழுது அழுது குரல் கம்மிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த காலும் ஓய்ந்தது. அத்தை எட்டிப் பார்த்து, "பாலு கொழந்தைக்கு ஒத்துக்கல. இல்லாட்டி எவளோ கண்ணு வெச்சிட்டா" என்று சொல்லிவிட்டு, தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வரச் செம்போடு கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். "எங்க போற?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. "பால்மாவு டப்பாக்கு, அண்ணி" என்றார். சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டபோது என் பிள்ளையின் ஆயுசே அந்தச் சைக்கிளில் போகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் நீ புடவையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாய். கேட்காமல் கொள்ளாமல் குழந்தையை என் மடியிலிருந்து தூக்கினாய். அதன் வாயருகில் மூக்கை வைத்தாய். பிறகு என் ரவிக்கையைப் பார்த்தாய், பச்சையாய் ஊறியிருந்த இரண்டு வட்டத்தைப் பார்த்தாய்.

"அடிப்பாவி! இது என் வேப்பிலையாச்சே!"

நீ சிரித்தாய் பார், அதை எப்படி எழுதுவது? சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து, குழந்தை நழுவாமல் இருக்க அதை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "அவன மறக்கடிக்க அரைச்சத நீ இவளுக்குப் போட்டியாடி? பொறந்து பத்து நாளு ஆவல, அதுக்குள்ள இவளுக்குப் பால் மறக்கடிக்கிறியா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அழ ஆரம்பித்தேன். ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினேன். வெடிப்பைப் பார்த்ததும் உன் சிரிப்பு அப்படியே நின்றது.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மகளை உன் மார்பில் போட்டுக்கொண்டாய். காலையிலிருந்து உன் பையன் குடிக்காமல் உனக்குப் பால் கட்டி, மார்பு கல்லாய் இருந்தது, பூசிய வேப்பிலையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாய். அவள் ஒரு தரம் விம்மினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். மடக் மடக் என்று அவள் விழுங்கும் சத்தம் அந்த மூலை முழுக்கக் கேட்டது. உனக்கும் பாரம் இறங்கிப் பெருமூச்சு விட்டாய்.

எனக்கு நன்றி வரவில்லை அக்கா, பொறாமை வந்தது. என் பிள்ளை இன்னொருத்தி மார்பில் அத்தனை நிம்மதியாகக் கிடக்கிறதே என்று வயிறு எரிந்தது.

"என் புள்ளயக் குடுத்துடுக்கா" என்றேன்.

"குடுக்காம? தூக்கிக்கினு தங்கவயலுக்கா ஓடப் போறேன்? குடிக்கட்டும் இரு. பசி அடங்கினாதான் உன்னைக் கடிக்காது."

பிறகு வெந்நீரில் துணியை நனைத்து ஊறவைத்து, வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அந்த விழுதை எடுத்தாய். என் கையில் குழந்தையைக் கொடுத்து, நான் எப்படி வைக்கிறேன் என்று குனிந்து பார்த்தாய். "காம்ப மட்டும் நுனியில குடுத்தா அது கடிக்காம என்னா செய்யும்? மாங்கொட்டையா அது, சப்பறதுக்கு? மேலுதட்டத் தொடு. கொட்டாவி விடறாப்புல வாயத் தொறக்கும். அப்ப கருப்பு வட்டத்தோட சேத்து உள்ள குடு." தொட்டேன், திறந்தாள், கொடுத்தேன். வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. கால் கட்டைவிரல் சுருளவில்லை. நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன், நீ புருவத்தை உயர்த்திக் காட்டினாய். குடித்து முடித்ததும் என் பாலையே ஒரு சொட்டுப் புண்ணில் தடவி, காற்றில் காயவிடு என்றாய். உன் வீட்டுக்காரரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்தாய். "எறும்பு வரும், பாத்துக்கோ" என்றாய். வந்தது. கொடியில் கிடந்த ரவிக்கையை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

எழுந்து போகும்போதுதான் அதைச் சொன்னாய். "எங்கப்பா சொரங்கத்துல வேல பாத்தவரு. பாறை லேசா முனகினாலும் உள்ள இருக்கிறவன் கத்திச் சொல்லிடணுமாம். சொல்லாதவன் தானும் சாவான், பக்கத்துல நிக்கிறவனயும் சாவடிப்பான்னு சொல்வாரு. வலிச்சா வாயத் தொறந்து சொல்லுடி. செவுத்துக்கா தெரியும்?"

அத்தை மந்திரித்த தண்ணீரோடு திரும்பியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "திருஷ்டிதான் அத்தை. நான் மொளகா சுத்திப் போட்டேன், நின்னுடுச்சு" என்று கூசாமல் சொன்னாய். அவர் வாங்கி வந்த டப்பாவைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பினாய். புண் ஆறும்வரை, எனக்கு முடியாத வேளைகளில், அந்தச் சிவப்புப் புடவைக்குப் பின்னால் நீயே அவளுக்குக் கொடுத்தாய். அது அத்தைக்குத் தெரியாது. வேப்பிலை சங்கதியும் இந்தப் பால் சங்கதியும் உயிர் போனாலும் வெளியில் வராது என்று எனக்குச் சத்தியம் செய்தாய். ஆனால் தெருவில் ஒரு வேப்பமரத்தைக்கூட விடாமல் என் விலாவில் இடித்தாய். உகாதிப் பச்சடியில் வேப்பம்பூ போடும்போதெல்லாம், "உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போடட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாய். அதற்குப் பிறகும் குழாயடியில் சண்டை போட்டோம். ஆனால் அது வெறும் பழக்கத்துக்குப் போட்ட சண்டை.

இந்த வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, நீதான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சோறு பிடிக்கவில்லை என்றாய், வெயில் என்றாய். கண் மஞ்சளாகி நாங்கள் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவள் உனக்குச் சொல்லிக்கொள்ளவில்லையே என்று எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான்.

உனக்குப் பால் தெளிக்கிற அன்று, என் மகள் தானும் சுடுகாட்டுக்கு வருவேன் என்று நின்றாள். "பொட்டப் புள்ளய அங்கெல்லாம் இட்டுக்கினு போவ மாட்டாங்க" என்று அத்தை தடுத்தார்கள். உன் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வரட்டும்மா. அவ பாலக் குடிச்சவதான இவ."

ஆக, அவருக்குத் தெரியும்! சத்தியத்தைக் காப்பாற்றாமல் சொல்லியிருக்கிறாய், திருடி. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை என்னைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள். உள்ளே போய்ப் பால் சொம்பை எடுத்து வந்து, தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார்கள். "சிந்தாமத் தூக்கிக்கினு போ, கண்ணு" என்றார்கள். அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிப் போய் உன் மேல் ஊற்றினாளாம்.

சின்னவன் இப்போது என் முதுகில் ஏறி முந்தானையை இழுக்கிறான். ஒன்றரை வயதுத் தடியன். வேப்பிலை அதே மாதிரி ஒரு கொட்டாங்கச்சியில் தயாராகத்தான் இருக்கிறது. காலையில் ஒரு விரல் பூசியும் பார்த்தேன். அவன் முகத்தைச் சுருக்கினான், அன்றைக்கு அவன் அக்கா சுருக்கியது போலவே. என்னால் முடியவில்லை. நீ செய்தாற்போல் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் குடிக்கட்டும். மறக்கடிக்க என்ன அவசரம்?

பக்கத்து வீட்டுக்காரி நான் ஏன் இளைத்துவிட்டேன் என்று கேட்டால் வெயில் என்கிறேன். அவர் கேட்டால் தூக்கமில்லை என்கிறேன். குழாயடியில் என் குடத்தை முன்னால் வைத்தால் தள்ளிவிட ஆளில்லை. எல்லோரும் வழிவிடுகிறார்கள் அக்கா, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வலிக்கிறது. வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்.