ஒரு மிதிக்கு இரண்டு இறக்கம்

21-10-91, திங்கள். தூறல்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: என் மேலுதட்டின் இடப்பக்கம் மீசை அரும்பிவிட்டது. வலப்பக்கத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. விழா வேண்டாம், மாலை போதும்.

மழை லீவு. அண்ணி டிபன் கேரியரைக் கையில் திணித்து ஏழுமலை அண்ணன் கம்பெனிக்கு விரட்டினாள். கம்பெனி என்றால் தண்டலம் தாண்டி ஒரு ஷெட், நாலு பிரஸ் மிஷின். தகட்டை வைத்து பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி வாஷர் வெட்டும்.

அண்ணன் மிஷினில் ஆயுத பூஜை சந்தனம் இன்னும் அப்படியே. பூஜை முடிந்து முதல் மிதி மிதித்தபோது இரும்பு இரண்டு தடவை இறங்கியதாம். இரண்டாவது, யாரும் மிதிக்காமலே. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். "அம்மனே எறங்கி வந்துகீறா!" முதலாளி (இனி மு.) இன்னொரு தேங்காய் உடைத்தாராம்.

அம்மன் வாஷர் வெட்டவா வருவாள்?

22, செவ்வாய். மழை விடவில்லை.

மு. மெட்ராஸில் ஏதோ பேச்சுக் கூட்டம் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து ஷெட்டில் ஒரு சட்டம். 'ஆனா' என்று யாரும் வாயெடுக்கக் கூடாது. கெட்டதை நினைத்தால் கெட்டது வந்துவிடுமாம். ஆனா இல்லாத பள்ளிக்கூடம். நேராக ஆவன்னா.

அண்ணன் சாப்பிடும்போது கேட்டேன்.

"மறுபடி எறங்கிச்சாண்ணே?"

"நேத்து ஒருவாட்டி. இப்ப இன்னான்ற?"

"கை உள்ள இருந்திருந்தா?"

"தகட்டை இடுக்கியாலதான போடறேன். வாய வெச்சிக்கினு சும்மா இருடா."

குழம்பு பிசையும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. மோர் வேண்டாம் என்றான்.

23, புதன். லீவு. ஜே!

எடுத்துச் சென்றவை: சோறு, காரக்குழம்பு, அண்ணிக்குத் தெரியாமல் ஒரு பை வெண்டைக்காய்.

மு.விடம், "சார், மிஷினுக்கு டாக்டர் சர்டிபிகேட் குடுக்கப் போறேன்."

"குடு, குடு. நல்லதா எழுதணும், தெரிஞ்சுதா?"

வைத்திய முறை: மிதிக்க வேண்டும். இரும்பு இறங்கி மேலே ஏறியதும், விரலுக்குப் பதில் வெண்டைக்காய் நுனியை உள்ளே நீட்ட வேண்டும். மறுபடி இறங்கினால் நசுங்கும். நீட்டினேன். முழுசு. இன்னொன்று. முழுசு. பை காலியாகிற வரை முழுசு! ஷெட்டே கைதட்டியது.

"பாத்தீங்களா? சின்னப் பையனுக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கு இல்லையே!" மு. எல்லாருக்கும் டீ சொன்னார்.

அண்ணன் என் தலையைக் கலைத்தான். "எனக்கே கொஞ்சம் பயந்தான்டா. இப்ப இல்ல."

இன்று முதல் நான் வெண்டை விஞ்ஞானி. தைரியசாலி. ஷெட்டின் செல்லப்பிள்ளை.

24, வியாழன். மழை இல்லை. செம்பரம்பாக்கம் பக்கம் வானம் தார் மாதிரி.

பள்ளிக்கூடத்தில் நம் கதைதான். கணக்கு வாத்தியார்கூடக் கேட்டார். உதார் கொஞ்சம் கூடிப்போனது.

சாயங்காலம் அண்ணன் ரொம்ப சந்தோஷம். "இடுக்கியத் தூக்கிப் போட்டுட்டேன். கையாலயே போட்டா இன்னா வேகம் தெரியுமா! மொதலாளி உன்னத்தான் சொல்லிக்கினே கீறாரு."

சிரித்தேன். தோசை இறங்கவில்லை. அண்ணி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

25, வெள்ளி. காலையிலேயே புழுக்கம். காற்றே இல்லை.

அண்ணன் சைக்கிளை எடுக்கும்போது கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒரு வெண்டைக்கா நசுங்கிச்சு."

"இன்னாது?"

"கைதட்டிட்டு எல்லாரும் டீக்குப் போனீங்க இல்ல? பை மடிப்புல ஒண்ணு மிச்சமிருந்துச்சு. சும்மா நீட்டிப் பார்த்தேன். நான் ஒருவாட்டிதான் மிதிச்சேன். சத்தியமா."

"போன வாரம் என் கேரியர்ல பாம்புன்ன. அதுக்கு முந்தி மொதலாளி செத்துப் பூட்டாருன்ன. போடா டேய்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஒரு கையால் ஓட்டி, மற்றக் கையை எனக்கு ஆட்டிக்கொண்டே.

அண்ணி சிரிக்கவில்லை. "நெசமா?"

"நெசம் அண்ணி."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"எல்லாம் கைதட்டிட்டாங்க. நசுங்கினத டிராயர் பாக்கெட்ல போட்டுக்கினேன்."

ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கொதிக்கிற உலையை இறக்கி வைத்தாள், செருப்பை மாட்டினாள், தலைகூட முடியாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

நல்லதே நடக்கும் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். முழுசாக வந்ததையெல்லாம் காட்டி நினைத்தேன். நசுங்கின ஒன்றை ஒளித்துவிட்டு நினைத்தேன்.

கூடவே ஓடியிருக்க வேண்டும். கைதட்டினவர்கள் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது. அதனால் தைரியசாலி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். விஞ்ஞானியாவது வெங்காயமாவது. கைதட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அண்ணி தெருமுனை திரும்பியிருப்பாள். நானும் ஓடுகிறேன். சட்டையைக் காணோம். சட்டை இல்லாமலே