எல்லாக் கதையிலும் ஒரு பஸ் வந்தது

குட்டி மதினி,

உன் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அண்ணன் உன் தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து என் மடியில் வைத்தார். "இத நீயே கொண்டுக்கிட்டு போ. எனக்கு இதப் பாக்க முடியல" என்றார். முடிச்சை அவிழ்த்ததும் அந்த மணம் வந்தது. ரப்பர் ஷீட்டுகளுக்குப் போடும் புகை மணம். உள்ளே அட்டை இல்லாத ஒரு கதைப்புத்தகம். ஒரு பக்கத்து ஓரம் முழுக்கக் கருகிப்போயிருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். நாம் இருந்த தோட்டம் முழுவதும் அதற்குள் இருந்தது.

வரக்காப்பொலைக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். உன்னை ‘நீ’ என்று எழுதியதைப் பார்த்தால் அண்ணனுக்குக் கோபம் வரும். லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் முன்னால் அண்ணன் பெண்சாதியை ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தடிக்குப் போனதும் ‘நீ’. அது நம் இரண்டு பேருக்குள் இருந்த சட்டம்.

நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து நீ கல்யாணமாகி வந்தபோது உனக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினெட்டு. என் தோளுக்குத்தான் இருந்தாய். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள், ஆனால் ரப்பர் பால் வெட்டத் தெரியாது. நீ கத்தி பிடித்த லட்சணத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரிக்காத நாத்தி. எங்க ஊருல கொழுந்த கிள்ளுனா செடி சும்மா நிக்கும். ஒங்க ஊரு மரம் தொட்டா அழுவுது, நான் என்ன செய்ய?" என்றாய். உன் கையைப் பிடித்து, பட்டை எவ்வளவு, மரம் எவ்வளவு என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக நீ எனக்குக் கதை வாசித்தாய்.

காலையில் பட்டையைச் சாய்வாகச் சீவி விட்டால் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். அது நிற்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டு வெற்றிலை போடுவார்கள். நாம் கொசுவுக்குத் தேங்காய் மட்டையைப் புகையவிட்டு, மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்வோம். நீ இடுப்பில் இருந்து புத்தகத்தை எடுப்பாய்.

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் சாமான் சுற்றுவதற்குப் பழைய பேப்பர் விற்ற முஸ்லிம் நானாதான் கதைப்புத்தகங்களை உனக்கென்று ஒதுக்கி வைப்பார். "தங்கச்சி, ஒன்னு வந்திருக்கு. சேரக் கூடாத ரெண்டு பேரு. பேரு மட்டும் கேக்க வாணாம், அட்டய கிழிச்சாச்சி" என்பார். அப்படிப் பேர் தெரியாத கதைகள் எத்தனை. அவன் வேறு சாதி, இவள் வேறு சாதி. அவன் கூலிக்காரன், இவள் மாளிகைக்காரி. இரண்டு குடும்பத்துக்கும் வெட்டுப்பகை. கோபக்கார அப்பாவுக்கு நீ குரலைத் தடிப்பாக்குவாய். அந்தப் பெண் அழும் இடத்தில் உன் குரலும் இறங்கிவிடும். சரியாக அந்த இடத்தில் பால் சேர்க்கும் நேரம் வந்துவிடும். மிச்சம் நாளைக்கு.

அந்த மிச்சம் மரத்துக்குத்தான் வினையாகப் போனது. மறுநாள் காலையில் கத்தி கையில், மனசு கதையில். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிடும். ஒருநாள் கங்காணி மாமா என் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏ புள்ள, இப்புடி வெட்டி வச்சிருக்கியே, நேத்து கதையில யாரு செத்தா?"

"யாரும் சாகல மாமா. பொண்ண அறையில போட்டுப் பூட்டிட்டாங்க."

"அப்ப இன்னைக்கே தொறந்துவிடச் சொல்லு ஒன் மதினிய. மரம் தாங்காது."

நீ மூன்று மரம் தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

நீ எப்போதும் திறந்துவிட்டாய், மதினி. எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் அவர்கள் ஒரு பஸ்ஸில் ஏறுவார்கள். தூரத்து ஊரில் இறங்குவார்கள். வீட்டுக்கு உள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கும் ஒரு வீட்டில் குடியேறுவார்கள். லயத்துப் பீலிக்கரையில் வாளியோடு வரிசையில் நிற்கும் எனக்கு, காதல் சேர்ந்ததைவிட அந்தக் குழாய்தான் அதிசயமாக இருந்தது. "அது ஏன் மதினி எல்லாக் கதையிலயும் பஸ்ஸு வருது?" என்று ஒருநாள் கேட்டேன். "ஊர விட்டுப் போறவங்க பின்ன எதுல போவாங்க, குதிரையிலயா?" என்றாய்.

இன்னொரு நாள், "ஒனக்கு யாராச்சும் இருந்தாங்களா, அண்ணனக் கட்டுறதுக்கு முந்தி?" என்று கேட்டேன். நீ புத்தகத்தை மூடினாய். "பால் நெறஞ்சிருச்சி பாரு, எந்திரி" என்றாய். எழுந்து பார்த்தேன். சிரட்டை பாதிகூட நிறையவில்லை.

பிறகு சுனில் வந்தார். பால் நிறுக்கும் இடத்துக்கு லொறியோடு வந்த சிங்களப் பையன். என் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு அரைத் தமிழில் "பாரம் கூட, ஆள் சின்ன" என்றார். அதற்குப் பிறகு கதையில் வரும் ஆணுக்கெல்லாம் அவர் முகம்தான். நீ கண்டுபிடித்துவிட்டாய். அண்ணன் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது.

அன்றைக்கு அவர் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. "நம்ம சாதி சனம் இல்ல, மொழி இல்ல, கோயில் இல்ல. நான் உசுரோட இருக்கையில இது நடக்காது. தை பொறந்தா மாப்புள்ள வீட்டுக்காரங்க வருவாங்க." தைக்கு மூன்று வாரம் இருந்தது. நீ அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்தாய். மறுநாள் மரத்தடியில், "மதினி, நான் என்ன செய்ய?" என்று உன் மடியில் விழுந்து அழுதேன். "மொதல்ல இந்தக் கதைய முடிப்போம்" என்று நீ இடுப்பில் இருந்து இந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தாய்.

ஓடக்காரன் மகனும் நிலக்காரன் மகளும். நடுவில் ஒரு பெரிய ஆறு. பத்து நாள் வாசித்தாய். கடைசி நாள் அவளுடைய அண்ணன்மார் தீப்பந்தத்தோடு கரைக்கு வருகிறார்கள், இரண்டு பேரும் ஓடத்தில் ஏறிவிட்டார்கள், ஆறு பொங்குகிறது. நீ புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாய். தொண்டையைச் செருமினாய். பிறகு வாசித்தாய்: ஓடம் அக்கரை சேர்ந்தது. அங்கே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. பிறகு வீடு. வீட்டுக்குள் குழாய். அவள் அதைத் திறந்து முகம் கழுவினாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும் போறேன் மதினி" என்றேன்.

நீ ‘போ’ என்றும் சொல்லவில்லை, ‘போகாதே’ என்றும் சொல்லவில்லை. உன் குடையைக் கொடுத்தாய். "மொத பஸ்ஸுல ஏறாத. கூட்டமா வர்ற பஸ்ஸுல ஏறு. கூட்டத்துல யாரும் யாரு மொகத்தையும் பாக்க மாட்டாங்க." அவ்வளவுதான்.

சுனிலோடு வரக்காப்பொலைக்கு வந்த பிறகு நாலு வருடம் அந்தப் பக்கம் நான் வரவில்லை. நீ அண்ணனுக்குத் தெரியாமல் கடிதம் போட்டாய். அவற்றை வாசித்துச் சொல்ல இங்கே தமிழ் தெரிந்த ஆள் இல்லை. எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி, உன் கடிதத்தில்தான் நான் மறுபடியும் வாசிக்கப் பழகினேன். மகள் பிறந்த பிறகு அண்ணனே தேடி வந்தார். வாசலில் நின்றபடி பிள்ளையை வாங்கி முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரி இருக்கு" என்றார். அதோடு கோபம் முடிந்தது. நீ அவருக்குப் பின்னால் உள்ளே வந்து, என்னைக்கூடப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போனாய். குழாயைத் திறந்தாய், மூடினாய், திறந்தாய். முகத்தைக் கழுவிக்கொண்டு, "அடியே நாத்தி, உள்ளுக்கே இருக்குடி!" என்று சத்தம் போட்டாய். சுனில் பயந்து ஓடி வந்தார், குழாய் உடைந்துவிட்டது என்று.

அன்றைக்குத்தான் உன் மணிக்கட்டில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். "கஞ்சி வடிக்கையில ஊத்திக்கிட்டேன்" என்றாய். நான் நம்பினேன். நீ சொன்னதையெல்லாம் நான் நம்பினேன்.

சீனி வருத்தம், அந்த நீரிழிவு, உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, வார்ட் மூலையில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நீ கண்ணை மூடியபடி, "பால் சொட்டுது நாத்தி. நெறஞ்சிருச்சா பாரு" என்றாய். நான் போய்ப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்ல மதினி, நேரம் இருக்கு" என்றேன். அது ஒன்றுதான் நான் உனக்குச் சொன்ன பொய்.

நீ எனக்குச் சொன்ன பொய்யை முந்தாநாள்தான் கண்டுபிடித்தேன். புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். ஓடம் அக்கரை சேரவில்லை. நடு ஆற்றில் கவிழ்ந்துவிட்டது. மறுநாள் காலையில் இரண்டு பேரையும் கரையில் கிடத்துகிறார்கள். இரண்டு பேரும் தங்கள் கையை அவளுடைய முந்தானையால் சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். பஸ் என்ற சொல்லே அதில் இல்லை. குழாய் இல்லை. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து.

அண்ணனுக்குப் போனில் கோல் எடுத்தேன். சொன்னேன்.

"எனக்கு இப்பத்தான் வெளங்குது" என்றார். "நீ போன அன்னைக்கி இருந்த புஸ்தகம் அம்புட்டையும் அள்ளிக்கிட்டுப் போயி ரப்பருக்குப் புகை போடுற அடுப்புல போட்டேன். அவ ஒரு வார்த்த பேசல. இது ஒன்னுக்கு மட்டும் நெருப்புக்குள்ள கைய விட்டுட்டா. ஏன்டி, பைத்தியமான்னு கேட்டேன். இத நான் இன்னும் முடிக்கலன்னு சொன்னா."

அப்போ அது கஞ்சி இல்லை.

மதினி, எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி நீ வாசித்திருந்தால் நான் அந்தத் தையில் யாருக்கோ கழுத்தை நீட்டியிருப்பேன். எத்தனை ஆற்றில் இருந்து எத்தனை பேரை எனக்காக நீ கரையேற்றினாயோ தெரியாது. கருமாதி அன்று மலைப்பக்கம் போய்வந்தேன். என் பழைய மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. நான் போட்ட காயம் எல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, இது எந்தக் கதை என்று நினைத்துப் பார்த்தேன்.

நேற்று நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு சுனில் கேட்டார், "இதிங், அப்ப கடைசில என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"பஸ்ஸுல ஏறிட்டாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். இனி யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். உன் குரலில், உன் பஸ்ஸோடு, உன் குழாயோடு.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும். நான் போன பிறகு எத்தனையோ வருடம் நீ அதே மரத்தடியில் தனியாக இருந்தாய். கேட்க யாரும் இல்லை. கைக்காயம் ஆறியதும் இந்தக் கருகின புத்தகத்தைத் திறந்து, முடிக்காமல் விட்டதை உனக்காக மட்டும் வாசித்திருப்பாய். அப்போது அந்த ஓடம் கரை சேர்ந்ததா, மதினி?