சிவப்பை மூடிய கறுப்பு டேப்

மச்சி,

நேற்றுக் காலையிலிருந்து என் விரல்களில் பெட்ரோலும் பழைய பசையும் கலந்த ஒரு நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். போகவில்லை. சாப்பிடக் கையைத் தட்டில் வைத்தால் நீ வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்குப் படிக்கப் பொறுமை கிடையாது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் வண்டியை விற்றுக் கொடுக்கச் சொல்லி உன் அம்மா என்னிடம் சாவியைத் தந்தார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி. ஈக்காட்டுத்தாங்கலில் நாம் எப்போதும் போகும் மெக்கானிக் பாயிடம் அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். நசுங்கிய சைலன்சரையும் வளைந்த பின்சக்கரத்தையும் அவர் தொட்டுப் பார்த்தார். நம்பர் பிளேட்டுக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார்.

“இன்னா நைனா இது? ரிஃப்ளெக்டர் மேல எவனாச்சும் டேப் ஒட்டுவானா? எந்தக் கிறுக்கன் வேல இது?”

“நான்தான் பாய்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரியும். என்ன நடந்தது என்றும் தெரியும். கழிவுத்துணியில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி என் கையில் திணித்தார்.

“நீ ஒட்னதுதானே? நீயே சொரண்டு.”

சுரண்டினேன். வெயிலில் வெந்து பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒட்டிப்போயிருந்தது. அரை மணி நேரம் ஆனது. அடியிலிருந்து சிவப்பு வந்தபோது அது புத்தம் புதிதாக இருந்தது மச்சி. ஒரு கீறல் கிடையாது.

டேப் ஒட்டும் யோசனை என்னுடையது. உனக்கு அது பிடிக்கவே இல்லை. நந்தனத்தில் கல்லூரி முடித்த வருடம் அது. லாட்ஜுக்குக் கொடுக்க நம் இருவரிடமும் ஒன்றுமில்லை. ஆனால் ஊர் சுற்ற வேண்டும். ரோட்டோரத்திலேயே, யார் கண்ணிலும் படாமல் படுத்து எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். சட்டங்கள் போட்டதும் நான்தான். இருட்டிய பிறகுதான் இடம் பார்க்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒரு ஹெட்லைட்கூட இல்லாத நிமிடத்தில்தான் ரோட்டை விட்டு இறங்க வேண்டும். சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அடுப்பு பற்றவைத்தால் வெளிச்சம், வெளிச்சம் வந்தால் ஆள் வரும். கூடாரம் கூடாது. பாசி நிறத் தார்ப்பாய், அதுவும் தலையை மூடி. விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும், பிஸ்கட் தாளைக்கூட விட்டுவிடாமல்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சவுக்குத் தோப்பில் முதல் ராத்திரி. பாதித் தூக்கத்தில் எழுந்து பார்த்தால், ரோட்டில் போன பஸ்ஸின் வெளிச்சம் தோப்புக்குள் புகுந்து உன் வண்டியின் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அடுத்த நாளே எலக்ட்ரிக் கடையில் ஒரு ரோல் கறுப்பு டேப் வாங்கினேன்.

“வாணாம்டா,” என்றாய் நீ. “லாரி ஏதாச்சும் ஒதுங்கினான்னா நாம கீறது தெரியாதுடா அவனுக்கு.”

“தெரியக்கூடாதுன்னுதான்டா ஒட்றதே.”

“நீ ஓவரா யோசிக்கிற மச்சி. திருடன்கூட இவ்ளோ யோசிக்க மாட்டான்.”

சிரித்துக்கொண்டேதான் ஒட்டினாய். காலையில் இருவர் வண்டியிலிருந்தும் உரித்து எடுப்பது உன் வேலையானது. நான் மறந்துவிடுவேன், நீ மறந்ததே இல்லை. உரித்த துண்டைத் தூக்கிப் போடாமல் உன் ஹெல்மெட்டின் உட்புறத்தில் ஒட்டி வைத்துக்கொள்வாய், அடுத்த ராத்திரிக்கு.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் என் அம்மா கத்துவாள். “ரோட்டுல படுத்துண்டு வரதுக்கா உனக்கு வண்டி வாங்கிக் குடுத்தோம்? பிச்சைக்காரன் மாதிரி!” எனக்கு அது பெருமையாக இருந்தது. போட்டோ எடுத்துப் போட்டேன். நிறையப் பேர் ‘சூப்பர் ப்ரோ’ என்று எழுதினார்கள். ஆற்றோரக் குடிசையில் ஆறு பேரோடு பிறந்து வளர்ந்த நீ, ஒரு போட்டோகூடப் போட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. ரோட்டில் படுப்பதைப் படம் பிடித்துப் போட, முதலில் ஒரு வீடு இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

உப்பளம் பக்கத்தில் நாம் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? டார்ச் முகத்தில் அடித்தது. இரண்டு போலீஸ்காரர்கள்.

“எந்த ஊர்ரா?”

“மயிலாப்பூர் சார். சும்மா டிராவல்,” என்றேன் நான்.

“காலேஜா? ஏன் தம்பி, பாம்பு பூச்சி இருக்கிற எடம். நல்ல வீட்டுப் பசங்க இப்படியா படுப்பீங்க?” பிறகு டார்ச் உன் பக்கம் திரும்பியது. “நீ?”

நீ உன் ஆற்றோரத்தின் பெயரைச் சொன்னாய். அவ்வளவுதான். உன் பை மட்டும் கொட்டப்பட்டது. உன் வண்டியின் ஆர்.சி. மட்டும் கேட்கப்பட்டது. உன்னை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் உட்கார்ந்தபடியே “சார், அவன் என் ஃப்ரெண்ட் சார்” என்று இரண்டு தடவை சொன்னேன். எழுந்து நிற்கத் தோன்றவில்லை எனக்கு.

அவர்கள் போன பிறகு கொட்டிய துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாய்: “உன் டேப்பு வேஸ்ட் மச்சி. மூஞ்சில ஒட்ற டேப்பு இருந்தா வாங்கி வா.”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் எதற்குச் சிரித்தேன் என்று இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

அதற்கடுத்த வருடம் ஆற்றோரத்தை இடித்தார்கள். ஆறு சுத்தமாக வேண்டுமாம். ஆற்றை அசிங்கம் செய்தது உன் அம்மா மீன் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடை என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் அதே ஆற்றங்கரையை மறித்து எழுந்த அடுக்குமாடிகள் அப்படியே நின்றன. உங்களுக்கு ஊருக்கு வெளியே, ஏரி இருந்த இடத்தில் ஒரு எட்டாவது மாடி கிடைத்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. உங்களை மட்டும்தான் மாற்றினார்கள்.

எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. நீ சாப்பாடு டெலிவரிக்குப் போனாய். அடையாறு, தி.நகர், பெசன்ட் நகர் உன் ஏரியா. கடைசி ஆர்டர் முடிய ராத்திரி ஒரு மணி ஆகும். காலை டிபன் ஆர்டர் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். நடுவில் வீட்டுக்குப் போய் வந்தால் தூங்குவதற்கு நேரமும் இல்லை, பெட்ரோலும் கட்டாது. அன்றைக்கு ஒருநாள் போன் செய்தாய்.

“மச்சி, அந்தத் தார்ப்பாய் உன்னாண்ட சும்மாதானே கீது? குடேன்.”

“எங்கடா ட்ரிப்? என்னை விட்டுட்டா?”

“ஆமான்டா. அடையாறுக்கு.”

ஜோக் என்று நினைத்தேன். தார்ப்பாயோடு மிச்சமிருந்த டேப் ரோலையும் கொடுத்தேன். “சட்டத்தை மறக்காதே” என்று வேறு சொன்னேன். நீ மறக்கவில்லை. எட்டு மாதம் நான் போட்ட சட்டங்களைச் சொந்த ஊருக்குள் ஒன்று விடாமல் கடைப்பிடித்தாய். தெரு அடங்கிய பிறகுதான் இடம் பார்த்தாய். ஏதாவது ஒரு பெரிய வீட்டின் மதில், வண்டி மறைவு, பாசி நிறத் தார்ப்பாய், தலையை மூடி. விடிவதற்குள் எழுந்து, குப்பையில்லாமல் கிளம்பிவிடுவாய். காலையில் நடைபயிற்சி போகும் பெரிய மனிதர்கள் யாருக்கும் அங்கே ஒருவன் தூங்கிய தடயம் தெரிந்திருக்காது. எனக்கு அது ஊர் சுற்றல். உனக்கு அதுதான் வீடாகப் போகிறது என்று தெரியாமல் நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

அது ஜோக் இல்லை என்று சீக்கிரமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீடு பக்கத்தில்தானே இருந்தது? கூப்பிட்டிருக்கலாம் இல்லையா? கூப்பிடவில்லை. ஹாலில் படுக்க வைத்தால் அம்மா கேட்கும் கேள்விகளை நினைத்தேன். உன் பெயருக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள அவள் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்விகள். உனக்குச் சங்கடம் ஆகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சங்கடம் எனக்குத்தான்.

அந்த விடியலில் பெசன்ட் நகரில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குத் தண்ணீர் லாரி வந்தது. நீ மதிலோரம் படுத்திருந்த சந்துக்குள் பின்னோக்கித்தான் வர முடியும். டிரைவருக்கு அது அந்த ராத்திரியின் நாலாவது லோடு. ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். நம் வயதுதான் இருக்கும்.

“சின்னதா ஒரு செவப்பு தெரிஞ்சிருந்தாக்கூட பிரேக் அடிச்சிருப்பேன் சார். குப்பை மூட்டைன்னுகூட நெனைக்கல சார். ஒண்ணுமே தெரியல சார்.”

அவனை அடிக்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவன் கண்ணைப் பார்த்தால் அவனும் பல நாள் தூங்காதவன். பேப்பரில், பொது வழியில் கவனக்குறைவாகப் படுத்திருந்ததால் மரணம் என்று எழுதினார்கள். கவனக்குறைவாம். நீ எவ்வளவு கவனமாகப் படுத்திருந்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

டேப்பை யார் ஒட்டச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். நேற்று டேப்பைச் சுரண்டி முடித்ததும், அன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பாயின் பக்கத்துக் கடையில், லாரிகளுக்குப் பின்னால் ஒட்டும் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒரு ரோல் வாங்கிக்கொண்டேன். காரணம் இருந்தது.

உன் அம்மா இப்போது ராத்திரியில் எட்டாவது மாடிக்குப் போவதில்லை. முன்பு அங்கிருந்து ஐந்து பெண்கள் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்து விடியலில் பட்டினப்பாக்கத்துக்கு மீன் எடுக்க வருவார்கள். நாலு பேர் தொழிலை விட்டுவிட்டார்கள். ஒருத்திக்காக ஆட்டோ வராது. முதல் பஸ் வந்து சேர்வதற்குள் நல்ல மீன் போய்விடும். அதனால் கரைப்பக்கம், மூடிய ஒரு கடைக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறார். ஐஸ் வேன்கள் பின்னோக்கி வந்து நிற்கும் இடம் மச்சி அது. மேலே போர்த்துவது அதே பாசி நிறத் தார்ப்பாய். ஸ்டேஷனில் வண்டியோடு திருப்பிக் கொடுத்தது.

சாயங்காலம் போனேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“அந்த டேப்பை நான்தான்மா ஒட்டச் சொன்னேன்.”

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் நைனா. அவன்தான் சொல்லிக்கினே இருப்பானே. ‘என் ஃப்ரெண்டு கண்டுபுட்ச்சாம்மா, போலீசு டார்ச்சு அட்ச்சாக்கூட தெரியாது’ன்னு. அத்த ஒட்டிக்கினுதான் எட்டு மாசம் தூங்கினான் எம்புள்ள. ஒட்டலன்னா மொத ராத்திரியே வெரட்டி வுட்டிருப்பானுங்க.”

திட்டியிருக்கலாம். கூடையால் அடித்திருக்கலாம். நான் ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினேன். தார்ப்பாயின் நாலு ஓரத்திலும் ஒட்டிவிடுகிறேன், வேன்காரனுக்குத் தெரியும் என்றேன்.

“வாணாம் கண்ணு. வேன்காரனுக்குத் தெரிஞ்சா ரவுண்ட்ஸ் வர்றவனுக்கும் தெரியும். பொம்பள தனியா கெடக்கான்னு குடிகாரனுக்கும் தெரியும். தெரியாம கீறதுதான் நல்லது.” கூடையைக் கவிழ்த்து வைத்தார். தெருவிளக்கில் அலுமினியம் பளபளத்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தக் கறுப்பு டேப்பு மிச்சம் கீதா உன்னாண்ட? இந்தச் சனியன்தான் டார்ச்சு அட்ச்சா மினுக்குது. சாக்கு போட்டு மூட்னா காத்துல பறக்குது.”

இல்லை, வாங்கி வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? என் வீட்டுக்கு வாங்கம்மா என்று நேற்றும் என் வாயில் வரவில்லை. உன்னைக் கூப்பிடாத அதே வாய்தானே.

திரும்பும் வழியில் வாங்கியும் விட்டேன். இப்போது என் பையில் இரண்டு ரோல்கள் கிடக்கின்றன. சிவப்பை ஒட்டினால் அவரை எழுப்பி விரட்டுவார்கள். கறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். காலையில் ஆபீசுக்குப் போகும்போதும் பை தோளில்தான் இருந்தது. நாளை சாயங்காலம் வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். இருட்டுவதற்குள் வரச் சொன்னார்.